மீன்கொத்திச் சட்டை

அந்தத் துணிக்கடையின் முதல் மாடியில், படியேறியதும் வலது கைப்பக்கம், பிரிண்ட் துணிகளுக்கென்று ஒரு நீள மேசை இருந்தது. அதற்குப் பின்னால் இருபத்தெட்டு வருடமாக நின்றவரை முதலாளியம்மாவிலிருந்து கூட்டிப் பெருக்குகிறவர் வரை எல்லோரும் பிரிண்ட்காரர் என்றே கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரும் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலில் மாதத்துக்கு ஒருமுறை மட்டும் அது கண் விழிக்கும்.

அவருடைய கைராசியைப் பற்றிக் கதைகள் உண்டு. குள்ளமான ஒருவருக்கு நெடுக்குக் கோடு போட்ட துணியை எடுத்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் அந்த ஆள் நெற்றியில் கட்டோடு வந்து, வீட்டு நிலையில் தலை இடிக்கிறது என்று சண்டை பிடித்தார். எந்நேரமும் சிடுசிடுத்துக்கொண்டிருந்த ஒரு பல் மருத்துவருக்குப் பொடிப்பூ போட்ட துணி. அதற்குப் பிறகு ஒரு பல் பிடுங்க வந்தவர்கள், வந்ததுதான் வந்தோம், இன்னொன்றையும் எடுத்துவிடுங்கள் என்று கேட்டார்களாம். இதெல்லாம் நிஜமா என்று கேட்டால் பிரிண்ட்காரர் மறுக்க மாட்டார். "இன்னொன்னு இல்ல, இன்னும் ரெண்டு" என்று திருத்துவார்.

கைராசி என்பது சும்மா வருவதில்லை. அவரிடம் மூன்று கேள்விகள் இருந்தன. துணியைப் பிரிப்பதற்கு முன்னால் மூன்றையும் கேட்டுவிடுவார்.

முதல் கேள்வி: "உங்க அலமாரியில இப்ப என்ன தொங்குது?" பிரிண்டில் உள்ள நிறங்களில் ஒன்றாவது அந்த அலமாரியில் ஏற்கெனவே குடியிருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. இல்லாவிட்டால் புதுச் சட்டை விருந்தாளி மாதிரி மூலையில் நிற்குமே தவிர, குடும்பத்தில் ஒன்றாகாது.

இரண்டாவது: "வேலையில எந்தச் சுவர் முன்னாடி உட்காருவீங்க?" மனிதன் கடையில் கண்ணாடி முன்னால் நிற்பது ஐந்து நிமிஷம். மிச்ச நாளெல்லாம் ஏதோ ஒரு சுவருக்கு முன்னால்தான் அவனை உலகம் பார்க்கிறது. அதனால் சுவர் முக்கியம்.

மூன்றாவது: "யார் பார்க்கணும்?" இதற்கு மட்டும் யாரும் உடனே பதில் சொல்வதில்லை. பதில் வருவதற்குள் முகத்தைப் பார்த்தே பூவா, கட்டமா, புள்ளியா என்று முடிவு செய்துவிடுவார்.

அவர் மட்டும் வருடம் பூராவும் வெள்ளைச் சட்டைதான். "கடையில துணி தெரியணும், ஆளு தெரியக்கூடாது" என்பார்.

எதிர் மேசையில் ஒரே நிறத் துணிகளை விற்பவர் ப்ளெயின்காரர். இருவருக்கும் நடுவே நடைபாதை நான்கு அடி, பகை அதைவிடக் கொஞ்சம் அகலம், சிநேகம் எல்லாவற்றையும்விட அகலம். ஒரு மாதத் தொடக்கத்தில், கீழ்த்தளத்தில் திரைச்சீலை விற்கும் பிரிவிலிருந்து ஐந்து மீட்டர் துணி ஒன்று மேலே வந்தது. ஏதோ ஓர் அலுவலகத்துக்கு ஜன்னல் திரை தைத்தது போக மீந்தது. கரும்பச்சை இலைகள், ஒவ்வொன்றும் முறம் அகலம். இலைகளுக்கு நடுவே ஆரஞ்சு வயிறும் நீல முதுகுமாக மீன்கொத்திகள், ஒவ்வொன்றும் அசலான மீன்கொத்தியைவிட ஒரு சுற்றுப் பெரியது. அவற்றின் கண்கள் துணி வாங்க வருகிறவரையே முறைத்தன.

"இதை எங்கேயாவது ஓரமா வைங்க, யாராவது தலையணை உறைக்குக் கேட்பாங்க" என்று சொல்லிவிட்டு முதலாளியம்மா போனார்.

ப்ளெயின்காரர் சுருளைத் தொட்டுப் பார்த்தார். "உன் கையில நிக்கிற துணியே கிடையாதுன்னு சொல்லுவியே. இதை விப்பியா?"

"இதுவும் துணிதானே."

"தலையணைக்கு இல்லப்பா. சட்டைக்கு. அஞ்சு மீட்டரும். மாசக் கடைசிக்குள்ள."

"வித்தா?"

"ஒரு மாசம் நாலு மணி டீ நான் போட்டுக் கொண்டு வந்து உன் மேசையில வைக்கிறேன். விக்கலைன்னா நீ."

இந்த உலகத்தில் மனிதர்கள் நாட்டுக்காகத் தவறு செய்திருக்கிறார்கள், பசிக்காகச் செய்திருக்கிறார்கள். பிரிண்ட்காரர் டீக்காகச் செய்தார். பின்னாளில் அவரை அறுத்தது செய்த தவறு பாதி, இந்தச் சில்லறைக் காரணம் பாதி.

மாதம் முடிய எட்டு நாள் இருக்கும்போது அந்த ஆள் வந்தார். வந்தார் என்று சொல்வதுகூட அதிகம். பிரிண்ட்காரர் மேசையைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது எதிரே இருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. பிஸ்கட் நிறச் சட்டை, பிஸ்கட் நிறப் பேண்ட், ஏறக்குறைய அதே நிறத்தில் முகம். வெயில் காலத்தில் மண்சுவர் ஓரமாக நடந்தால் நிழல் மட்டும்தான் போகும்.

"சட்டைத் துணி பார்க்கணும்" என்றார். குரலும் பிஸ்கட்தான், தொட்டால் உதிர்ந்துவிடும்.

"வாங்க சார். உங்க அலமாரியில இப்ப என்ன தொங்குது?"

"இதே மாதிரி அஞ்சு."

"அஞ்சும் இதே நிறமா?"

"ஒண்ணு கொஞ்சம் வெளுத்திருக்கும்."

பிரிண்ட்காரருக்கு அந்தக் கணமே பதில் தெரிந்துவிட்டது. கருநீலத்தில் சாம்பல் பொடிப்புள்ளி. பிஸ்கட் நிறப் பேண்டோடு ஒத்துப்போகும், மெலிந்த தோளுக்குப் பாரமில்லை, கிட்டே வந்தால்தான் புள்ளி தெரியும், தெரிந்ததும் ஆளும் தெரிவார். அந்தச் சுருள் இடது கையருகே மூன்றாவது தட்டில் இருந்தது. இதை அவரே பிறகு பல தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்: இடது கை, மூன்றாவது தட்டு. ஆனால் வலது பக்கத்தில் மீன்கொத்திகள் முறைத்துக்கொண்டிருந்தன.

"யார் பார்க்கணும் சார்?"

அந்த ஆள் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எங்க ஆபீஸுக்குத் திங்கட்கிழமை புது மேடம் வர்றாங்க. பிரிவுத் தலைவர் இடம் காலியா இருக்கு. அவங்க ஒவ்வொரு சீட்டா வந்து பார்த்துட்டு, யாருன்னு அங்கேயே சொல்லிடுவாங்களாம். பதினோரு வருஷமா நான்தான் சீனியர். ஆனா போன தடவை இடம் காலியானப்ப, நான் அந்த ரூம்ல இருந்தேங்கிறதே யாருக்கும் ஞாபகம் வரலை. இந்தத் தடவை கண்ணுல படணும்."

சுவரைப் பற்றிய கேள்வி பிரிண்ட்காரரின் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் மீன்கொத்தி பறந்துவிடும். அவர் அந்தக் கேள்வியை அப்படியே விழுங்கினார். இருபத்தெட்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை. அது தொண்டையில் இறங்கின இடம்கூட அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

துணியை உதறி அந்த ஆளின் தோளில் போட்டார். சட்டைக்கென்று அச்சடித்த துணியில் ஒரு பூ திரும்ப வர ஒரு சாண் போதும். இதில் ஒரு பறவை திரும்ப வர ஒரு கை நீளம் வேண்டும். ஆகவே ஒரு மீன்கொத்தி அந்த ஆளின் நெஞ்சு முழுவதும் உட்கார்ந்து, அலகை அக்குளுக்குள் நுழைத்துக்கொண்டது. பிரிண்ட்காரர் இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"சார், உங்களுக்காகவே அச்சடிச்ச மாதிரி இருக்கு."

அந்த ஆள் துணியைக் குனிந்து பார்த்தார். விரலால் ஓரத்தைத் தேய்த்தார். ஓர் இலையை, அதற்கு அடுத்த இலையை, பறவையின் கண்ணைப் பார்த்தார். பிறகு பிரிண்ட்காரரின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். பார்வை சற்று நீளம்.

"நிஜமாவா சொல்றீங்க? எனக்குப் பொருத்தமா இருக்கா?"

"உங்க குணத்துக்கே இதுதான் சார் பொருத்தம். உள்ள இவ்வளவு பறவையை வெச்சுக்கிட்டு வெளியில பிஸ்கட்டைச் சுத்திக்கிட்டு இருக்கீங்க."

அந்த ஆளின் காது மடல்கள் லேசாகச் சிவந்தன. அன்றைக்கு அவரிடம் தெரிந்த ஒரே நிறம் அதுதான். "சரி. தந்துடுங்க" என்றார்.

"ரெண்டு சட்டையா எடுத்துடுங்க. துவைக்கப் போட்டா மாத்துக்கு வேணும்ல."

ஐந்து மீட்டரும் போயிற்று. எதிர் மேசையில் ப்ளெயின்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பின்பக்கத்து அறையில் கடையின் டெய்லர் அளவெடுத்துக்கொண்டார்: திங்களுக்கு ஒன்று சனிக்கிழமையே வேண்டும், இன்னொன்று மெதுவாகத் தைத்தால் போதும்.

மறுநாள் நான்கு மணிக்கு ப்ளெயின்காரர் டீயைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, கையைக் கட்டி, "முதலாளி, சர்க்கரை போதுமா?" என்றார். போதும்தான். ஆனாலும் பாதிக்கு மேல் இறங்கவில்லை. டீ சரியில்லை என்று முதலில் நினைத்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் கடை மூடும் நேரத்தில் டெய்லர் ஊசியை வாயில் வைத்துக்கொண்டே வந்தார். "அண்ணே, அந்தப் பறவைச் சட்டைக்காரர் வந்து வாங்கிட்டுப் போயிட்டாரு. நாலு நாளா மண்டையைக் குடைஞ்சிட்டே இருந்துச்சு, எங்கேயோ பார்த்த முகமா இருக்கேன்னு. இப்பதான் ஞாபகம் வந்துச்சு."

"யாரு?"

"நாம கர்ட்டன் மாட்டினோம்ல, தராசு, எடைக்கல்லெல்லாம் சோதிச்சு முத்திரை குத்துவாங்களே, அந்த ஆபீஸ். அங்க ஜன்னலோரமா உட்கார்ந்திருப்பாரு. நான் மேல ஏறி மாட்டினப்ப ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டதே அவருதான்."

"எந்தக் கர்ட்டன்?"

"இதேதான்ணே. இந்தப் பறவை. ஆபீஸுக்கு மேட்ச்சா இருக்கட்டும்னு கேட்டு வாங்கியிருக்காருன்னு நினைச்சேன். இல்லையா?"

பிரிண்ட்காரர் படியிறங்கித் தெருவுக்கு ஓடினார். இரண்டு பக்கமும் பார்த்தார். பிஸ்கட் நிறச் சுவர்கள், பிஸ்கட் நிறப் புழுதி. அந்த ஆள் அதற்குள் எங்கேயும் போயிருக்கலாம். எதிரிலேயே நின்றிருக்கவும் கூடும். பில்லில் பெயர் இருந்தது, முகவரி இல்லை. ஞாயிற்றுக்கிழமை எந்த அலுவலகமும் திறக்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை போல ஒரு நீளமான நாளை எந்த மீட்டர் கோலாலும் அளந்துவிட முடியாது. சாப்பிட உட்கார்ந்தார், காற்றில் ஜன்னல் திரை அசைந்தது, எழுந்துவிட்டார். இன்னொரு அறைக்குப் போனார். அங்கேயும் ஒரு ஜன்னல். மனைவி மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"என்னங்க, காலையிலேர்ந்து ஸ்க்ரீனைப் பார்த்து ஒளிஞ்சுக்கிறீங்க. அதுக்கு ஏதாவது பாக்கி வெச்சிருக்கீங்களா?"

மறைக்க முடியவில்லை. சொன்னார். டீயில் தொடங்கித் திங்கட்கிழமையில் முடித்தார். மனைவி முழுவதையும் கேட்டுக்கொண்டு, துணியைத் திரும்ப எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

"இத்தனை வருஷமா எனக்குப் பொருத்தம் பொருத்தம்னு எடுத்துட்டு வந்ததெல்லாம் எந்த ஜன்னலோட மிச்சம்?"

"சத்தியமா உனக்கு அப்படிச் செய்யலை."

"அப்ப கண்ணுக்குத் தெரியாத மனுஷனுக்குத்தான் செஞ்சீங்க." அவர் இதைச் சத்தமில்லாமல், சட்டைக் காலரை நீவிக்கொண்டே சொன்னார். "நாளைக்குக் கடை பத்து மணிக்குத்தானே? அதுக்கு முன்னாடி போய்ச் சொல்லிட்டு வாங்க. ஒரு நல்ல சட்டையையும் எடுத்துட்டுப் போங்க."

திங்கட்கிழமை பிரிண்ட்காரர் ஒரு காகிதப் பையோடு அந்த அலுவலகத்துக்குப் போனார். பைக்குள் கருநீலத்தில் சாம்பல் பொடிப்புள்ளி, முந்தின சாயங்காலம் கடைத்தெருவில் தேடி வாங்கிய ரெடிமேட், அந்த ஆளின் அளவு. திட்டம் சுலபம்: தனியே கூப்பிட்டு, கழிவறையில் சட்டையை மாற்றிக்கொள்ளச் சொல்லி, மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஒன்பதே முக்காலுக்குப் பேருந்து பிடிக்க வேண்டும்.

அறை நீளமானது. ஒரு சுவர் முழுக்க மர அலமாரி. அதில் பித்தளை எடைக்கற்கள் பெரியதிலிருந்து சின்னதுவரை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உயர வரிசையில் நிற்பதுபோல நின்றன. நடு மேசையில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு தராசு. அதன் கிட்டே மூச்சு விடக்கூடாது என்று ஓர் அட்டை. எதிர்ச் சுவரில் மூன்று ஜன்னல்கள், தரைவரை தொங்கும் திரைகள். இலைகள், மீன்கொத்திகள். நடு ஜன்னலுக்கு முன்னால் ஒரு மேசை, ஒரு நாற்காலி. நாற்காலியில் யாரும் இல்லை.

பிரிண்ட்காரர் பக்கத்து மேசைப் பெண்மணியிடம் போனார். "இங்க உட்காருவாரே, அந்த சார்..."

"இன்னும் வரலை. லீவு போல" என்றார் அவர்.

அப்போது காலி மேசை மேலிருந்த பேனா தானாக எழுந்து, பதிவேட்டில் இரண்டு வரி எழுதி, தானாகப் படுத்துக்கொண்டது.

பிரிண்ட்காரர் கண்ணைக் கசக்கினார். அவர் துணியோடு பிழைப்பவர். இலைக்கும் இலைக்கும் நடுவே உள்ள கோடு ஓரிடத்தில் தப்பாகச் சேருவது அவருக்குத்தான் தெரியும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மேலே போனார். காலர் வந்தது. காலருக்கு மேல் இலைகளுக்கு நடுவே முகம். மற்ற நாட்களில் பிஸ்கட், இன்றைக்குப் பயத்தில் அதுவும் பச்சை. அன்று காலை ஒருவர் திரையைத் திறக்க வந்து அந்த ஆளின் கையைப் பிடித்து இரண்டு தடவை இழுத்துப் பார்த்து, வளையம் சிக்கியிருக்கிறது என்று விட்டுவிட்டுப் போனதாகவும், இன்னொருவர் நனைந்த குடையை அவர் தோளில் மாட்டியதாகவும் அந்த அலுவலகத்தில் பிறகு சொல்லிக்கொண்டார்கள். குடை விஷயம் உறுதி. தோளில் ஈரம் இருந்தது.

"சார்" என்று கிசுகிசுத்தார் பிரிண்ட்காரர். "ஒரு நிமிஷம் வெளிய வாங்க."

மீன்கொத்திகளுக்கு நடுவே இரண்டு கண்கள் அவரைப் பார்த்தன. அதற்குள் கதவு திறந்தது. புது மேடம் அரை மணி முன்னதாகவே வந்துவிட்டார்.

மேடம் கையில் பட்டியலோடு வரிசையாக வந்தார். ஒவ்வொரு மேசையிலும் நின்று பேர், வருடம், கடைசியாகப் பிடித்த கள்ளத் தராசு என்று கேட்டார். பிரிண்ட்காரர் அலமாரி ஓரமாக ஒதுங்கி, ஐந்து கிலோ எடைக்கல்லுக்குப் பக்கத்தில் அதைப் போலவே அசையாமல் நின்றார். மேடம் நடு ஜன்னலுக்கு வந்தார்.

"இந்த சீட்?"

"இன்னும் வரலை மேடம்" என்றார் பக்கத்து மேசைப் பெண்மணி.

"வந்துட்டேன் மேடம்" என்றது ஒரு குரல்.

அறையே திரும்பி வாசலைப் பார்த்தது. வாசலில் யாரும் இல்லை. மேடம் பட்டியலில் பேனாவை வைத்தார். குறுக்குக் கோடு போடத்தான். பேனா நுனி காகிதத்தைத் தொட்ட சத்தம் பிரிண்ட்காரருக்குக் கேட்டது.

அவர் நான்கே எட்டில் ஜன்னலுக்குப் போய்த் திரையின் கயிற்றை இழுத்தார்.

வளையங்கள் கரகரவென்று ஓடின. திரை முழுவதும் ஓரத்துக்குப் போயிற்று. போகாத பறவைகள் நாற்காலியில் மிச்சமிருந்தன. காலை மழை விட்டு அடித்த வெயிலில் அந்த ஆள் எழுந்து நின்றார். கைகளைக் கட்டிக்கொண்டார், நெஞ்சிலிருந்த மீன்கொத்தியை மறைக்க. மறையும் அளவிலா அது இருந்தது?

"நீங்க யாரு?" என்று மேடம் கேட்டது பிரிண்ட்காரரை.

அங்கேதான் அவர் வாயை மூடியிருக்க வேண்டும். காற்று வரட்டும்னு திறந்தேன் மேடம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் ஒன்றரை நாளாக உள்ளே கிடந்தது கதவு திறந்ததும் மொத்தமாக வெளியே வந்துவிட்டது.

"துணிக்கடைக்காரன் மேடம். இவர் மேல தப்பில்லை. இது சட்டைத் துணியே இல்லை, கர்ட்டன் துணி. உங்க கர்ட்டன் தைச்சு மீந்தது. தள்ளிவிடணும்னு நான்தான் இவருக்குப் பொருத்தம்னு சொல்லி வித்தேன். இவருக்குத் தெரியாது."

ஒரு கணம் தராசுகூட அசையவில்லை. பிறகு யாரோ மூக்கால் சிரித்தார்கள். அது அடுத்த மேசைக்குப் போயிற்று, அதற்கடுத்ததுக்கும். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அந்த அறையில் எல்லோரும் அந்த ஆளைப் பார்த்தார்கள். பார்த்துச் சிரித்தார்கள். பிரிண்ட்காரரின் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியிருந்தது உண்மை. அது எங்கே போய் ஏறிக்கொண்டது என்பதை அவர் அப்போதுதான் கண்ணால் பார்த்தார்.

மேடம் மட்டும் சிரிக்கவில்லை. அந்த ஆளிடம் திரும்பினார். "இவர் சொல்றது சரியா? உங்களுக்குத் தெரியாதா?"

அந்த ஆளுக்குப் பொய் வராது. அவர் தொழில் அப்படி.

"தெரியும் மேடம்."

"எப்ப தெரிஞ்சுது?"

"கடையிலேயே தெரியும். ஆறு மாசமா இது முன்னாடிதான் உட்கார்றேன். எந்த இலையில அச்சு தப்பியிருக்குன்னுகூடத் தெரியும்."

"அப்புறம் ஏன் வாங்கினீங்க?"

அந்த ஆள் பிரிண்ட்காரரைப் பார்க்காமல் சொன்னார். "அவர் ரெண்டடி பின்னாடி போய், தலையைச் சாய்ச்சு, என்னை நல்லாப் பார்த்துட்டு, எனக்குப் பொருத்தமா இருக்குன்னு சொன்னார் மேடம். அப்படி யாரும் பார்த்துச் சொன்னதில்லை. இது கர்ட்டன்னு சொன்னா அவர் முகம் விழுந்துடும். மனசு வரலை."

சிரிப்பு நின்றது. மேடம் பட்டியலிலிருந்து பேனாவை எடுத்தார்.

"நல்ல மனுஷன் நீங்க. ஆனா கடைக்காரர் முகம் விழுந்துடும்னு தராசையும் விட்டுட்டு வந்துடுவீங்களோன்னு எனக்குச் சந்தேகம் வருதே" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. அடுத்த மேசைக்கு நகர்ந்தார். பத்து நிமிஷத்தில் பக்கத்து மேசைப் பெண்மணி பிரிவுத் தலைவர் ஆனார்.

பிரிண்ட்காரர் காகிதப் பையை நீட்டினார். அந்த ஆள் உள்ளே எட்டிப் பார்த்தார். "நல்லா இருக்கு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். "கடைக்கு நேரமாச்சு உங்களுக்கு."

அன்று நான்கு மணிக்கு ப்ளெயின்காரர் டீயோடு வந்தார். பிரிண்ட்காரர் கோப்பையை அவர் பக்கமே தள்ளினார்.

"நாளையிலேர்ந்து நான் போடுறேன். பந்தயத்துல நான் தோத்துட்டேன்."

"அஞ்சு மீட்டரும் வித்துச்சே."

"வித்துச்சு."

"அப்புறம் என்ன?"

"எடை சரியில்லை" என்றார் பிரிண்ட்காரர். ப்ளெயின்காரர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, டீயைக் குடித்தார்.

அடுத்த சனிக்கிழமை அந்த ஆள் கடைக்கு வந்தார். இந்தத் தடவை படியேறும்போதே தெரிந்தார். முதலில் மீன்கொத்தி வந்தது, பின்னால் அவர். பிரிண்ட்காரர் மேசையை விட்டு வெளியே வந்து நின்றார். மன்னிப்பு என்று ஒரு வாரமாகத் தயார் செய்து வைத்திருந்த பத்துப் பன்னிரண்டு வாக்கியங்களில் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை.

"எப்படி இருக்கீங்க சார்?"

"இருக்கேன். ஆபீஸ்ல இப்ப எல்லாரும் என்னைக் கூப்பிடுறாங்க. கர்ட்டன்னு."

பிரிண்ட்காரர் தரையைப் பார்த்தார்.

"முன்னாடி கூப்பிட்டதே இல்லை" என்றார் அந்த ஆள். சந்தோஷமா வருத்தமா என்று அந்தக் குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை. தராசு முள் நடுவில் நின்றது. "டெய்லர்கிட்ட ரெண்டாவது சட்டையைத் தைக்க வேண்டாம்னு சொல்லிட்டேன். துணியைத் திரும்ப வாங்கிட்டேன், அப்படியே இருக்கு."

கையிலிருந்த துணியைப் பிரித்து, ஒரே உதறில் பிரிண்ட்காரரின் வெள்ளைத் தோளில் போட்டார். இரண்டடி பின்னால் போனார். தலையைச் சாய்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு கிராம் வித்தியாசத்தைக் கண்ணாலேயே பிடிக்கிறவர் பார்க்கிற பார்வை.

"உங்களுக்காகவே அச்சடிச்ச மாதிரி இருக்கு."

பிரிண்ட்காரர் அந்த முகத்தில் கேலியைத் தேடினார். இருந்திருந்தால் நிம்மதியாகத் தலைகுனிந்திருப்பார். கருணையைத் தேடினார்; அதுவும் தேறவில்லை. ஒருவேளை நிஜமாகவே பொருத்தமாக இருந்திருக்கலாம், அதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

"சரி. தந்துடுங்க" என்றார் பிரிண்ட்காரர்.

டெய்லர் இரண்டு நாளில் தைத்துக் கொடுத்தார். வீட்டில் மனைவி அவரை மேலும் கீழும் பார்த்து, "ஜன்னல் பக்கமா மட்டும் நிக்காதீங்க, நான் தேட முடியாது" என்றதோடு சரி. துணி கனம், உட்கார்ந்தாலும் சட்டை நின்றுகொண்டேயிருக்கும். வேர்வை முதுகில் ஆறாக ஓடியது. பிரிண்ட்காரர் ஒருநாள் விட்டு ஒருநாள் அதையே போட்டுக்கொண்டு மேசைக்குப் பின்னால் நின்றார். வெள்ளையில் இருபத்தெட்டு வருடம் யார் கண்ணிலும் படாதவரை, இப்போது படியேறுகிற ஒவ்வொருவரும் முதலில் பார்த்தார்கள்.

"அட, இது என்ன துணி?" என்று கேட்டார்கள்.

"கர்ட்டன் துணி" என்பார்.

"சட்டைக்கு எப்படி வந்துச்சு?"

ஒவ்வொருவருக்கும் சொன்னார், டீயிலிருந்து தொடங்கி. நெடுக்குக் கோடு கதையை நம்பினவர்கள், பல் மருத்துவர் கதையை நம்பினவர்கள் இதை மட்டும் நம்பவில்லை. நல்லா கதை விடுறீங்க என்று தோளில் தட்டிச் சிரித்துவிட்டு, முதல் வாரத்திலேயே மூன்று பேர் அதே துணி தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டார்கள்.

"தீர்ந்துபோச்சு" என்றார் பிரிண்ட்காரர். பிறகு மேசை மேல் இருந்த மீட்டர் கோலை நேராக வைத்துவிட்டு, "நீங்க வேலையில எந்தச் சுவர் முன்னாடி உட்காருவீங்க?" என்று கேட்டார். இப்போதெல்லாம் அதைத்தான் முதலில் கேட்கிறார்.